சிப்பியின் விலையும் முத்தின் விலையும்

கிழிந்த சேலைகளையும் வெட்டி எஞ்சிய துண்டுகளையும் சேர்த்துத் தைத்த ஒரு போர்வைக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை? தையல் போர்வைகளின் கண்காட்சிக்குச் செல்லும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். அரசர்களின் வாளும் ஐம்பொன் சிலையும் இருக்க வேண்டிய கண்ணாடிப் பேழைக்குள், யாரோ ஒரு பெண் தன் குழந்தைக்காகத் தைத்த விரிப்பு இருக்கிறது. பக்கத்திலேயே, அதைப் பார்த்து இன்றைய கலைஞர் ஒருவர் தைத்த புதிய போர்வையும் தொங்குகிறது. முன்னதைத் தைத்தவருக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. பின்னதைத் தைத்தவருக்குப் பெயரும் உண்டு, விலையும் உண்டு.

ஆங்கிலத்தில் ‘குயில்ட்’ எனப்படும் இந்தப் போர்வையின் அமைப்பு எளிமையானது. இரண்டு அல்லது மூன்று அடுக்குத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவை நகராதபடி முழுப் பரப்பிலும் ஓட்டுத்தையல் போடுவார்கள். குளிர்நாடுகளில் நடு அடுக்காகப் பஞ்சோ கம்பளியோ இருக்கும். நம் பக்கத்தில் அதற்குத் தேவையில்லை. நைந்த பருத்திச் சேலைகள் இரண்டை மடித்து அடுக்கித் தைத்தால் போதும். தென்மாவட்ட வீடுகளில் பிறந்த குழந்தையைக் கிடத்தவும், திண்ணையில் விரிக்கவும் அப்படித் தைத்தவை புழங்கின. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியில் வரும் கந்தையும், வங்காளத்தின் புகழ்பெற்ற ‘காந்தா’வும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். அங்கே அந்தச் சொல் ஒரு கலையின் பெயராயிற்று. இங்கே வறுமையின் பெயராகவே நின்றுவிட்டது.

பொருளியல் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் கொல்கத்தாவிலும் லண்டனிலும் இத்தகைய போர்வைகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவற்றின் அழகைப் பற்றிக் கலை விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். என்னை விடாமல் தொடர்ந்த கேள்வி வேறு: இவற்றைச் செய்தவர் பெற்றது என்ன, பின்னர் வைத்திருந்தவர் பெற்றது என்ன, இந்த இரண்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய எடுத்துக்காட்டு, நான் வாழும் முத்துக்குளித்துறையின் வரலாற்றிலேயே இருந்தது.

தந்தைக்கு ஒரு காந்தா

கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில், ஜோக்கா பகுதியில், குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்திய ஆட்சிப் பணியின் முன்னோடியான ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882-1941), வங்காளக் கிராமங்களில் பணிநிமித்தம் சுற்றியபோது சேகரித்த நாட்டார் கலைப்பொருள்களே அதன் அடிப்படை. சுடுமண் சிற்பங்கள், படச்சுருள்கள் ஆகியவற்றோடு அங்குள்ள காந்தாக்களின் தொகுப்பு உலகப் புகழ்பெற்றது.

பழைய காந்தாவில் எதுவும் புதிதாக வாங்கப்பட்டதில்லை. அடுக்குகள் பழைய சேலையும் வேட்டியும். வண்ண நூல்கூடச் சேலையின் கரையிலிருந்து உருவி எடுத்ததுதான். நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் மரங்கள் அல்லது மாங்காய் வடிவங்கள், இடைவெளிகளில் யானை, தேர், படகு, பல்லக்கு, சில வேளைகளில் தொப்பியணிந்த துரைகள். இவற்றை வரைந்தவரும் தைத்தவரும் வீட்டுப் பெண்கள். விருந்தினர் அமர ஒன்று, நூல்களைச் சுற்றிவைக்க ஒன்று, கண்ணாடியையும் சீப்பையும் பொதிந்துவைக்க ஒன்று எனப் பயனுக்கேற்ற பெயர்களும் அளவுகளும் இருந்தன. குருசதய் தொகுப்பில் உள்ள ஒரு காந்தாவை 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகத் தைத்தார். தம் பெயரையும் யாருக்காகத் தைத்தார் என்பதையும் துணியிலேயே எழுத்தாகத் தைத்துவிட்டார். பெயரில்லாத பல காந்தாக்களுக்கு நடுவே அவர் மட்டும் இன்றும் ஒரு ஆளாக நம்மோடு பேசுவதற்குக் காரணம் அந்த எழுத்துகள்தான்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ மறைந்துபோன இந்தத் தையல், கடந்த நாற்பது ஆண்டுகளில் மீண்டது. கைவினை அமைப்புகள் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய காந்தாக்களை முன்மாதிரியாகக் காட்டிக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தன. அப்படிப் பல பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இந்த மீட்சி ஒரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. பழைய துணியில் தன் வீட்டுக்காகத் தைத்தது போய், புதிய பட்டிலும் பருத்தியிலும் சந்தைக்காகத் தைப்பது வந்தது. வீட்டுப் பொருள் விற்பனைப் பண்டமானதும், ‘இதற்கு என்ன விலை?’ என்ற கேள்வி முதன்முறையாக அந்தப் பெண்களின் முன் நின்றது. இதற்கிடையே, முன்மாதிரிகளைக் காத்துவைத்திருந்த அருங்காட்சியகத்துக்கான மத்திய அரசின் நிதியுதவி 2017இல் நிறுத்தப்பட்டது. கலையைக் கொண்டாடுவதும் அதன் மூலத்தைக் காப்பதும் நம் நாட்டில் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை.

தடைசெய்யப்பட்ட துணி

இந்தப் போர்வைகளின் கதை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதும் அல்ல. அது கடல் கடந்தது. 1530களில் தூத்துக்குடிக் கரையில் காலூன்றிய அதே போர்த்துகீசியர், வங்காளத்தின் சாத்கான் பகுதியில் ஐரோப்பியச் சந்தைக்காகப் பெரிய போர்வைகளைத் தைக்கச் செய்தார்கள். வெண்பருத்தியில் மஞ்சள் நிறக் காட்டுப்பட்டு நூலால் விவிலியக் காட்சிகளும் வேட்டைகளும் கப்பல்களும் தைக்கப்பட்ட அவை, ‘கோல்ச்சா’ என்ற போர்த்துகீசியப் பெயரில் இன்று மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அடுத்து வந்தது சோழமண்டலக் கரையின் வண்ணத்துணி. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில் எழுதுகோலால் கோடிட்டு, படிகாரம் தடவி, சாயவேரின் சிவப்பில் காய்ச்சி, மெழுகிட்டு அவுரியில் தோய்த்து எடுக்கும் அந்தத் துணியின் நிறம் துவைத்தாலும் போகாது. சாயவேர் மன்னார் தீவிலும் வட இலங்கையிலும் விளைந்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் முத்தைத் தேடி வந்ததாக நாம் படிக்கிறோம். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கக்கூடியதன்று. ஆண்டு முழுதும் அவர்களது கிடங்குகளுக்கு வந்தது இப்பகுதியின் கைத்தறித் துணி.

இந்தியத் துணியின் வெள்ளத்தைக் கண்டு ஐரோப்பிய நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடைவிதித்தது. அது 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டமும் 1721இல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் இயற்றி, வண்ணப் பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. கிடைக்காத பொருளின் சிறு துண்டும் மதிப்புப் பெறும் என்பது பொருளியலின் பாலபாடம். இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஒன்று, லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1708ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்டதாகக் கருதப்படுவது. அது இந்திய வண்ணத்துணித் துண்டுகளால் ஆனது. பின்னாளில், துணியிலுள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து வெள்ளைத் துணிமேல் ஒட்டித் தைக்கும் முறையும் அங்கும் அமெரிக்காவிலும் பரவியது. மேலைநாட்டுப் பெண்களின் கைவண்ணம் எனப் போற்றப்படும் இந்தப் போர்வைகளுள் பழையன பலவற்றில், ஊசி அவர்களுடையது. துணி நம் கரையினுடையது. தைத்தவர் பெயர் சிலவற்றிலாவது உண்டு. துணி எழுதியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

கப்பலிலும் சிறையிலும்

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2010 மார்ச் முதல் ஜூலை வரை, 1700 முதல் 2010 வரையிலான தையல் போர்வைகளின் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஒரு கருத்தரங்குக்காகச் சென்றிருந்த நான், ஒரு முழுப் பிற்பகலை அங்கே செலவிட்டேன். முந்நூறு ஆண்டுப் பழைய போர்வைகளுக்கு இடையே, அவற்றுக்கு மறுமொழி கூறுவதுபோல இன்றைய படைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. டிரேசி எமின், கிரேசன் பெர்ரி போன்ற புகழ்பெற்ற கலைஞர்களின் ஆக்கங்களும் இருந்தன. சீனத்துக் காகிதப் பணத்தை நூலால் தைத்து இணைத்த ஒரு படைப்பு, பொருளியல் படித்தவன் என்பதாலோ என்னவோ, என்னைச் சற்று அதிக நேரம் நிறுத்திவைத்தது.

ஆயினும் அங்கிருந்து நான் எடுத்துவந்த பாடம் வேறு இரண்டு போர்வைகளிலிருந்து கிடைத்தது. முதலாவது, ‘ராஜா போர்வை’. 1841இல் பிரிட்டனிலிருந்து, இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட சுமார் 180 பெண் கைதிகளை ஏற்றிச்சென்ற கப்பலின் பெயர் ‘ராஜா’. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரை அம்மையாரின் சங்கம், அப்பெண்களுக்கு ஊசி, நூல், துணித்துண்டுகள் ஆகியவற்றை வழங்கியது. கடற்பயணத்தின்போதே அவர்கள் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரும் போர்வையைத் தைத்தார்கள். அதில் ஒரு வாசகமும் தைக்கப்பட்டிருக்கிறது: உதவிய சீமாட்டிகளுக்கு நன்றி. தைத்தவர்கள் ‘கைதிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டார்கள். இன்று அது ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தின் அரிய உடைமைகளுள் ஒன்று.

இரண்டாவது, அந்தக் கண்காட்சிக்காகவே லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையின் ஆண் கைதிகள் தைத்தது. கைதிகளுக்குத் தையல் கற்பித்து, செய்த வேலைக்குக் கூலியும் தரும் தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக அருங்காட்சியகம் அதைத் தைக்கச் சொல்லியிருந்தது. சிறை வாழ்வின் ஏக்கமும் எள்ளலும் அறுகோணத் துண்டுகளில் தைக்கப்பட்டிருந்தன. ஊசி பெண்ணுக்கே உரியது என்ற எண்ணத்தையும் அது கலைத்தது. நம் கரையில் அந்த எண்ணம் ஒருபோதும் முழு உண்மையாக இருந்ததில்லை; கொழும்புக்குப் போய்வந்த தோணிகளின் பருத்திப் பாய்களைத் தைத்ததும், கிழிந்த வலைகளைப் பொத்தியதும் ஆண்களின் கைகளே.

இரண்டு போர்வைகளுக்கும் இடையே 169 ஆண்டுகள். முன்னதில் உழைப்புக்குக் கைம்மாறு ‘சீர்திருந்துதல்’, பின்னதில் கூலி. பழையதைப் பார்த்துப் புதியதைச் செய்வது என்பதன் உண்மையான பொருள் இதுவாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றியது. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நகல். பழைய போர்வைக்குச் செய்யத் தவறிய நீதியைப் புதியதற்குச் செய்தால் அது வளர்ச்சி.

ஐந்து டாலர்

அந்த நீதி தவறியதன் மிகத் தெளிவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஹேரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண், விவிலியக் கதைகளைத் துணித்துண்டுகளால் சித்திரமாக்கி ஒரு போர்வை தைத்தார். 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் அதைக் கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் குடும்பத்தில் பண நெருக்கடி வந்தது. அவரே பத்து டாலர் விலை சொல்ல, ஐந்து டாலருக்குப் பேரம் முடிந்தது. விற்ற பிறகும் தன் போர்வையைப் பார்த்துவிட்டுப் போகச் சில முறை அவர் அந்த வீட்டுக்கு வந்தாராம். ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் சொல்லச் சொல்ல அந்த ஆசிரியை எழுதிவைத்தார். பவர்ஸின் பெயரும் கருத்தும் நமக்குக் கிடைத்தது அந்தக் குறிப்பால்தான்.

அந்தப் போர்வை இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது, விலைமதிப்பற்றது என்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம், இதையும் இன்னும் சில பழைய போர்வைகளையும் நகலெடுத்து விற்க ஒரு வணிக நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. சீனாவில் மலிவாகத் தைக்கப்பட்ட நகல்கள் கடைகளுக்கு வந்தபோது, அமெரிக்காவின் தையற்பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். தங்கள் கைவேலையின் விலையை, தங்கள் பாட்டிமார்களின் வேலையைக் கொண்டே குறைப்பதா என்பது அவர்கள் கேள்வி. நிறுவனம் தன் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

சிப்பி ஏலம்

தூத்துக்குடிக்காரனுக்கு இந்த ஐந்து டாலர் கதை புதிதன்று. முத்துக்குளிப்பு கடைசியாக இங்கு நடந்தது 1961இல். ஆங்கிலேயர் கால நடைமுறையை நினைத்துப் பாருங்கள். முத்துப்பாரில் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்துவந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அரசின் பங்கு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என அன்று மாலையே ஏலம் போகும். குளித்தவரும் தம் பங்கைக் கரையிலேயே விற்றுவிடுவார். வாங்கிய வணிகர் அவற்றைப் பல நாள் அழுகவிட்டு, கழுவி, சலித்த பிறகே உள்ளே முத்து இருக்கிறதா, எப்படிப்பட்ட முத்து என்பது தெரியும். விற்கப்பட்டது சிப்பி, பின்னர் வெளிப்பட்டது முத்து. நல்முத்து கிடைத்தால் குளித்தவருக்கு அதில் பங்கில்லை.

வணிகர் செய்தது மோசடி அன்று. வெறும் சிப்பிகளே வாய்க்கும் இழப்பையும் அவர் ஏற்றார். சிக்கல், காத்திருக்கும் திறன் யாரிடம் இருக்கிறது என்பதில்தான். அன்றைய அடுப்பெரிய அன்றே காசு வேண்டியவர், தன் உழைப்பின் பயனை அதன் மதிப்பு தெரியவரும் முன்பே விற்றாக வேண்டும். காத்திருக்க முடிந்தவருக்கே உயர்வு சேரும். பவர்ஸின் போர்வையும் ஒரு திறக்கப்படாத சிப்பிதான். அழியாமல் எஞ்சியிருப்பது, அரிதாகிப்போவது, அறிஞர் எழுதுவது, அருங்காட்சியகம் ஏற்பது என மதிப்பு கூடும் ஒவ்வொரு படியும் விற்பனைக்குப் பிறகே நிகழ்கிறது. கலைப்பொருள் சந்தையில் ‘படைத்தவர் ஏழை, வைத்திருந்தவர் செல்வர்’ என்ற நிலை மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம்.

கணக்கில் வராத உழைப்பு

இந்த இடைவெளி சந்தைக்கு வருவதற்கு முன்பே, கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது. நாடுகளின் உற்பத்தியைக் கணக்கிட ஐ.நா. வகுத்த நெறிமுறையின்படி, வீட்டார் தம் சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்யும் பொருள்கள் உற்பத்திக்குள் அடங்கும். சமைத்தல், துவைத்தல், பராமரித்தல் முதலிய சொந்தப் பணிகள் அடங்கா. அப்படியானால் பழைய சேலையில் தைத்த போர்வை புதிய பொருளா, பழுதுபார்ப்பா? பொருள் என்றால் அது நாட்டின் உற்பத்தி. பழுதுபார்ப்பு என்றால் வீட்டுவேலை. கொள்கையளவில் இப்படி வாதாடலாம். நடைமுறையில் இரண்டும் கணக்கில் ஏறுவதில்லை.

எவ்வளவு உழைப்பு இப்படி மறைகிறது? மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள்; ஆண்கள் 88 நிமிடங்கள். 2019இல் இவை முறையே 299, 97 ஆக இருந்தன. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவித் தொகை’ என்னாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது, இந்த உழைப்பு பேச்சளவிலாவது கணக்கில் ஏறத் தொடங்கியிருப்பதன் அடையாளம்.

கணக்கில் ஏறாத உழைப்பு சந்தைக்கு வரும்போது மலிவாகவே வருகிறது. ஒரு போர்வைக்கு 200 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்தக் கணக்கில் அப்போர்வையின் கூலி மட்டும் 8,400 ரூபாய். அதை 4,000 ரூபாய்க்கு விற்கும் பெண், குளம் வெட்டும் வேலைக்குரிய கூலியில் பாதியைக்கூடப் பெறவில்லை. ‘சும்மா இருந்த நேரத்தில் தைத்ததுதானே’ என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவரும் அதை நம்பிவிடுகிறார். சும்மா இருந்த நேரம் என்ற ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை என்பதை மேலே சொன்ன 289 நிமிடங்கள் காட்டுகின்றன.

சட்டத்தில் ஓர் இடைவெளி

படைத்தவருக்குப் பிற்கால உயர்விலும் பங்கு கொடுக்க ஒரு வழி உண்டு. பிரான்ஸ் 1920லேயே, ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கு ஒரு விழுக்காடு சேர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. முத்தைக் கண்டெடுத்த பிறகும் குளித்தவருக்கு ஒரு பங்கு என்பது போன்ற ஏற்பாடு இது. இந்தியாவிலும் அது இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 53அ பிரிவு, பதிப்புரிமைக் காலத்துக்குள் மூலப் படைப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதிகபட்சம் பத்து விழுக்காடு வரை படைப்பாளிக்கோ அவர் வாரிசுக்கோ பங்கு உண்டு என்கிறது.

ஆனால் எந்தப் படைப்புக்கு? ஓவியம், சிற்பம், வரைபடம், இலக்கிய, நாடக, இசைக் கையெழுத்துப் படிகள். பட்டியல் அத்தோடு முடிகிறது. தையற்போர்வையோ நெய்த துணியோ அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறியாணையும் அதையொட்டிய பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விதிகளும் சித்திரத்திரைச் சீலை, பீங்கான், கண்ணாடிப் பொருள் ஆகியவற்றைப் பெயர்சொல்லியே சேர்த்திருக்கின்றன. உலகத்துக்கே துணி எழுதிக் கொடுத்த நாட்டின் சட்டத்தில் துணி விடுபட்டிருப்பது வியப்பளிக்கிறது. பட்டியலில் இரண்டு சொற்களைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவேதும் இல்லை.

புவிசார் குறியீடு இந்த இடைவெளியை அடைக்காதா என்று கேட்கலாம். நக்ஷி காந்தாவுக்கும், 2021இல் நம் கருப்பூர்க் கலம்காரிக்கும் கிடைத்த குறியீடு பயனுள்ளதே. அது போலியைத் தடுக்க உதவும். ஊரின் பெயரைக் காக்கும். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. தைத்தவரின் பெயரை அன்று.

தூத்துக்குடி செய்யக்கூடியது

பருத்தியும் நூலும் இந்த நகரின் வரலாற்றில் ஓரத்து நிகழ்வுகள் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) திருநெல்வேலிச் சீமைப் பருத்தியின் விலை ஏறியது இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான். 1908இல் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். ஆலையில் நூற்ற கைக்கு நியாயக் கூலி கேட்கக் கற்றுக்கொடுத்த ஊர் இது. வீட்டில் தைத்த கையைப் பற்றி மட்டும் நாம் இதுவரை பேசியதில்லை. ஆதிச்சநல்லூரின் தாழிகளைக் காக்கத் தெரிந்த மாவட்டத்தில், இரண்டு தலைமுறைக்கு முந்தைய தைத்த விரிப்புகள் கரித்துணியாகிக் கொண்டிருக்கின்றன. சுடுமண் மூவாயிரம் ஆண்டு தாங்கும், பருத்தி காத்திருக்காது.

முதல் வேலை, சேகரிப்பு. மீனவர் குடியிருப்புகளிலும் உப்பளத் தொழிலாளர் வீடுகளிலும் எஞ்சியிருக்கும் பழைய தைத்த விரிப்புகள், தொட்டில் துணிகள், தோணிப் பாய்கள் ஆகியவற்றைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு பதிவு செய்யலாம். பொருளை வாங்க வேண்டியதில்லை; ஒளிப்படமும், தைத்தவர் பெயரும், எந்தச் சேலை யாருடையது என்ற குறிப்பும் முதலில் போதும். மானதாசுந்தரி ஊசியால் எழுதியதையும், ஹேரியட் பவர்ஸ் சொல்ல இன்னொருவர் எழுதியதையும் நாம் காகிதத்திலாவது எழுதிவிடலாம்.

இரண்டாவது, காட்சி. சேகரித்தவற்றிலிருந்து சிலவற்றைக் கடனாகப் பெற்று, அவற்றைப் பார்த்து இன்றைய மகளிர் குழுவினர் புதியன தைக்கும் ஒரு கண்காட்சியை நடத்த ஒரு கல்லூரி அரங்கு போதும். நிபந்தனை ஒன்றுதான்: பழையதன் உரிமை குடும்பத்திடமே இருக்க வேண்டும், புதியதன் விலை, செலவான நேரத்தை ஊதியத்தால் பெருக்கிய தொகைக்குக் குறையக் கூடாது, யாரேனும் அந்த வடிவத்தை நகலெடுத்து விற்றால், எழுத்திலான ஒப்பந்தப்படி தைத்தவருக்கு ஒரு பங்கு சேர வேண்டும்.

மூன்றாவது, சட்டத் திருத்தம். அது நம் மாவட்டத்தின் கையில் இல்லை. ஆயினும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேள்வியாக எழுப்ப முடியாத அளவுக்குச் சிக்கலான விஷயமும் அன்று.

இவ்வளவும் செய்தால் போர்வை தைப்பவர்கள் செல்வந்தர்களாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாச் சிப்பியிலும் முத்து இருப்பதில்லை. எல்லாப் போர்வையும் அருங்காட்சியகத்துக்குப் போவதுமில்லை. ஆனால் சிப்பிக்கு நியாயமான கூலியும், முத்து கிடைத்தால் அதில் ஒரு பங்கும், இரண்டிலும் எடுத்தவரின் பெயரும் என்ற மூன்றையும் கேட்பது பேராசை ஆகாது. மூழ்கியவர்களின் பெயர்களை எழுதிவைக்க இந்தக் கரை ஒருமுறை மறந்துவிட்டது. தைத்தவர்களின் பெயர்களை எழுத இன்னும் சிறிது காலம் இருக்கிறது.